.22 போட்டி ரைபிளின் டிரிக்கரைச் சரிசெய்வதும் இலகுவாக்குவதும்: புதியவர்களுக்கான வழிகாட்டி

ஏர் ரைபிளில் கை பழகிப் பாயிண்ட் டூ டூவுக்கு வருகிறவர்கள் கோச்சிடம் சீக்கிரமே கேட்கிற கேள்வி: "சார், இந்த டிரிக்கரை இன்னும் கொஞ்சம் லைட் பண்ணலாமா?" பண்ணலாம். போட்டிக்கென்று செய்யப்பட்ட ரைபிள்களில் அதற்காகவே திருகுகள் வைத்திருக்கிறார்கள். ஆனால் எத்தனை கிராமில் டிரிக்கர் விடுபடுகிறது என்பது இரண்டாவது கேள்விதான். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில், விரலுக்குத் தெரிந்து விடுபடுகிறதா என்பது முதல் கேள்வி. 140 கிராமில் மாறாமல் விடுபடும் டிரிக்கர், ஒரு முறை 60 கிராமிலும் மறுமுறை 90 கிராமிலும் விடுபடும் டிரிக்கரைவிடக் கட்டாயம் அதிகப் புள்ளி தரும். அதைவிட முக்கியம், அது யாரையும் காயப்படுத்தாது.

இங்கே சொல்வதெல்லாம் 50 மீட்டர் போட்டிக்கான, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் போல்ட் (குழலின் பின்பக்கத்தைத் திறந்து மூடும் பாகம்) ரைபிளில் உள்ள இரண்டு கட்ட டிரிக்கரைப் பற்றியது. நம் ஊர் கிளப்புகளில் பார்க்கக் கிடைக்கும் அன்ஷூட்ஸ், வால்தர், ஃபைன்வெர்க்பாவ் ரைபிள்கள் இந்த வகை. முதல் இரண்டும் ஜெர்மனியின் உல்ம் நகரத்துக் கம்பெனிகள், மூன்றாவது ஓபர்ன்டார்ஃபில் இருக்கிறது. திருகுகள் இருக்கும் இடமும் எண்ணும் மாடலுக்கு மாடல் மாறும். அதனால் எந்தத் திருகு என்ன செய்கிறது என்பதை உங்கள் ரைபிளின் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கையேடு கையில் இல்லையென்றால் கம்பெனி இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அது கிடைக்கும்வரை ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டாம்.

என்.சி.சி. முகாமில் கொடுக்கப்படும் .22 ரைபிளுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. அது அரசுச் சொத்து, அதன் டிரிக்கர் பல கைகள் பயிற்சி எடுப்பதற்காகவே கனமாக வைக்கப்பட்டது. கிளப் ரைபிளும் அப்படித்தான்: செயலாளரிடமோ கோச்சிடமோ சொல்லாமல் ஒரு திருகைக்கூடத் தொடக் கூடாது. உங்களுக்கு அடுத்து அதே ரைபிளை எடுக்கப்போகும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு, டிரிக்கர் நேற்றுவரை இருந்ததைவிடப் பாதி எடையில் இருக்கிறது என்பது தெரியாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையும் மாற்றியமைப்பதையும் தடுக்கிறது. தயாரிப்பாளர் கையேட்டில் பயன்படுத்துபவருக்கென்று காட்டியிருக்கும் திருகுகளைத் திருப்புவதோடு நம் வேலை முடிகிறது. பாகத்தைக் கழற்றுவது, அராவுவது, மாற்றுவது எல்லாம் உரிமம் பெற்ற ஆர்மரரின் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரின்) வேலை.

எடை ஏன் குறைய வேண்டும்?

50 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. ரைபிளின் மேல் குறிபார்க்க வைத்திருக்கும் முன் பார்வைக்கும் பின் பார்வைக்கும் இடையே 75 செ.மீ. தூரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விரல் இழுக்கும் கணத்தில் முன் பார்வை 0.1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால், இலக்கில் குண்டு ஏறக்குறைய 6.7 மி.மீ. தள்ளி விழும். பத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை உள்ள தூரமே 5.2 மி.மீ.தான். தலைமுடியின் தடிமன் அளவு அசைவு ஒரு புள்ளியைச் சாப்பிட்டுவிடக்கூடும்.

டிரிக்கர் கனமாக இருந்தால் விரலோடு மற்ற விரல்களும் சேர்ந்து இறுகும், மணிக்கட்டு திரும்பும், தோள் முன்னே வரும். அதுதான் அந்த 0.1 மி.மீ. எடையைக் குறைத்தால் விரல் மட்டும் வேலை செய்து, மற்ற தசைகள் அமைதியாக இருக்க வாய்ப்புக் கிடைக்கிறது.

சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் விதிகளில் 50 மீட்டர் ரைபிளுக்கும் 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கும் குறைந்தபட்ச டிரிக்கர் எடை இல்லை. 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைபிளுக்கு 1500 கிராம், ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம் என்று வரம்பு உண்டு. பனிச்சறுக்கோடு சேர்ந்த பயத்லான் போட்டியிலும் இதே .22 தோட்டாதான், இதே 50 மீட்டர் தூரம்தான். ஆனால் அங்கே டிரிக்கர் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. ரைபிளை முதுகில் மாட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்து, குளிரில் மரத்த விரலால் சுடுகிறவருக்கு 100 கிராம் டிரிக்கர் ஆபத்து. எடை என்பது சுடுகிறவரின் நிலைமையைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அனுபவமுள்ள ரைபிள் வீரர்கள் பலர் 100 கிராமுக்கு அக்கம்பக்கமாக வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுப் புதியவர்கள் நேராக அங்கே போகக் கூடாது. உங்கள் டிரிக்கரின் கையேடு எந்த எல்லை சொல்கிறதோ, அதன் மேல் பாதியில் தொடங்குங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

போல்ட்டை இயக்கும்போது ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) ஒரு வலுவான ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பின்னே நிறுத்தப்படுகிறது. அதை முன்னே பாயவிடாமல் தடுக்கும் சிறிய எஃகு விளிம்புக்குத்தான் சியர் என்று பெயர். நாம் டிரிக்கரை இழுக்கும்போது, இடையிலுள்ள நெம்புகோல்கள் வழியாக அந்த விளிம்பு விலகுகிறது, ஃபயரிங் பின் பாய்ந்து தோட்டாவின் ஓரத்தை அடிக்கிறது.

சியர் எவ்வளவு ஆழம் மாட்டியிருக்கிறது என்பதைக் கதவின் தாழ்ப்பாளோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். தாழ்ப்பாள் சட்டத்துக்குள் நன்றாகப் போயிருந்தால் இழுக்க நேரம் பிடிக்கும், ஆனால் கதவை யார் இடித்தாலும் திறக்காது. நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் லேசாகத் திறந்துவிடும், காற்றடித்தாலும் திறந்துவிடும். டிரிக்கரில் பிடிப்பு ஆழமும் ஸ்பிரிங் எடையும் தனித்தனி விஷயங்கள் என்பதை இங்கேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் டிரிக்கரை இலகுவாக்குவதாக நினைத்துக்கொண்டு பிடிப்பைக் குறைத்துவிடுகிறார்கள். விபத்து பிறப்பது அங்கேதான். எடையை எடைத் திருகால்தான் குறைக்க வேண்டும்.

இரண்டு கட்ட டிரிக்கரில் விரல் முதலில் ஒரு தளர்ந்த தூரத்தைக் கடக்கும். அது முதல் கட்டம். பிறகு ஒரு சுவரில் முட்டினாற்போல நிற்கும். அங்கிருந்து இன்னும் சில கிராம் அழுத்தினால் விடுபடும். அது இரண்டாம் கட்டம். மொத்த எடை இரண்டும் சேர்ந்தது. விடுபட்ட பிறகு டிரிக்கர் இன்னும் பின்னே போகும் தூரத்துக்கு ஓவர் டிராவல் என்று பெயர், அதை ஒரு நிறுத்தத் திருகு கட்டுப்படுத்துகிறது.

தொடங்கும் முன்

தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. பெட்டியை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். சட்டைப் பை, சுடும் ஜாக்கெட்டின் பை, தோட்டா வைக்கும் கட்டை எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். போல்ட்டைத் திறந்து சேம்பரை (குழலில் தோட்டா உட்காரும் இடத்தை) கண்ணால் பாருங்கள். .22 சேம்பருக்குள் விரல் போகாது. ஆகவே போல்ட்டை முழுக்க உருவி எடுத்துக் குழலின் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் இருப்பவரும் ஒரு முறை பார்க்கட்டும். வேலை நடக்கும்போது யாராவது அழைத்து எழுந்து போனால், திரும்பி வந்ததும் இதை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

தோட்டா இல்லாமல் டிரிக்கரை இழுப்பதில் .22-க்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இது தோட்டாவின் ஓரத்தில் அடிக்கும் வகை. தோட்டா இல்லாவிட்டால், சில ரைபிள்களில் ஃபயரிங் பின் போய்ச் சேம்பரின் விளிம்பிலேயே அடித்துப் பள்ளமாக்கிவிடும். அதன் பிறகு தோட்டா சரியாக உள்ளே போகாது, சுட்ட கூடு வெளியே வராது. உங்கள் மாடலை வெறுமையாக அடிக்கலாமா என்பதைக் கையேட்டில் பாருங்கள். கூடாதென்றால் வண்ணப் பிளாஸ்டிக்கில் வரும் போலித் தோட்டாவைப் பயன்படுத்துங்கள். சில போட்டி ரைபிள்களுக்கு வெறும் பயிற்சிக்கான தனி அமைப்போ தனி போல்ட்டோ கிடைக்கிறது. சுட்ட வெற்றுக் கூட்டைப் போட்டுப் பழகுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் நிஜத் தோட்டாவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

தேவையான கருவிகள் அதிகமில்லை. திருகுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் அல்லது ஆலன் கீ, டிரிக்கர் எடை பார்க்கும் கருவி, நோட்டு, பேனா, ஒரு டார்ச். பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் திருகின் தலையைச் சிதைத்துவிட்டால் அதற்குப் பிறகு எல்லாமே ஆர்மரர் வேலை.

முதலில் அளந்து எழுதுங்கள்

எதையும் திருப்புவதற்கு முன் இப்போதைய எடையை எழுதி வையுங்கள். டிஜிட்டல் அளவி விலை கூடுதல். கிளப்பில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் எடைகளைத் தொங்கவிட்டு அளக்கும் முறை போதும். போட்டிகளில் பிஸ்டல் டிரிக்கரைச் சோதிப்பதும் எடைகளைத் தூக்கவைத்துத்தான்.

கெட்டியான கம்பியை வளைத்துக் கொக்கி செய்து, அதன் கீழே சிறிய பிளாஸ்டிக் டப்பாவைக் கட்டுங்கள். கொக்கியையும் டப்பாவையும் நகைக்கடைத் தராசு போன்ற சிறிய டிஜிட்டல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். சேம்பரை மறுபடி பார்த்துவிட்டுப் போல்ட்டை மூடி, குழல் நேர் மேலே பார்க்கும்படி ரைபிளை நிறுத்தி, விரல் வைக்கும் அதே இடத்தில் கொக்கியை மாட்டுங்கள். ரேஞ்சில் செய்வதாக இருந்தால் ரேஞ்ச் அலுவலர் காட்டும் இடத்தில் மட்டும். ஊசியில்லாத சிரிஞ்சால் டப்பாவில் தண்ணீர் விடுங்கள். ஒரு மி.லி. தண்ணீர் ஒரு கிராம். டிரிக்கர் விடுபடும்போது எத்தனை மி.லி. விட்டீர்களோ, அதோடு கொக்கி டப்பாவின் எடையைக் கூட்டினால் விடை வந்துவிடும். தண்ணீர் சிந்தும் என்று பயந்தால் நாணயங்கள் இருக்கின்றன: இரு உலோகப் பத்து ரூபாய் நாணயம் 7.71 கிராம், 2011-இல் வந்த வடிவத்து ஐந்து ரூபாய் 6 கிராம். ஒவ்வொன்றாக மெதுவாக வைக்க வேண்டும், மேலேயிருந்து போட்டால் அதிர்ச்சியில் முன்பே விடுபட்டுவிடும்.

ஐந்து முறை அளந்து ஐந்தையும் எழுதுங்கள். சராசரியைவிட, மிகக் குறைந்த அளவுக்கும் மிக அதிக அளவுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். நல்ல போட்டி டிரிக்கரில் அந்த இடைவெளி சில கிராம்தான் இருக்கும். இருபது முப்பது கிராம் வித்தியாசம் வந்தால் திருகைத் தொட வேண்டாம். அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது, முதலில் சுத்தம் செய்ய வேண்டும்.

கொக்கி மாட்டும் இடம் மாறினால் அளவும் மாறும். டிரிக்கரின் கீழ் நுனி அச்சிலிருந்து தள்ளி இருப்பதால் அங்கே குறைந்த விசையே போதும். அச்சிலிருந்து பத்து சதவீதம் தள்ளிப் பிடித்தால் எடை ஏறக்குறைய பத்து சதவீதம் குறையும். அதே காரணத்தால், தினமும் விரலை வெவ்வேறு இடத்தில் வைக்கிறவருக்கு எந்தத் திருகும் உதவாது.

சுத்தம், எண்ணெய்

நம் ஊரில் டிரிக்கர் சரியில்லை என்று கொண்டுவரும் ரைபிள்களில் பலவற்றுக்குத் தேவைப்படுவது சுத்தம்தான். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றுக்குப் பயந்து ரைபிள் முழுக்க எண்ணெய் பூசுவார்கள். அது டிரிக்கர் பெட்டிக்குள் இறங்கி, தூசியோடும் சுட்ட தோட்டாவின் மெழுகோடும் கலந்து பசையாகிவிடும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைத் தொட்டு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது 24 டிகிரி அளவிலேயே உறையத் தொடங்கும். ஏ.சி. போட்ட ஹாலிலோ ஊட்டிக் குளிரிலோ டிரிக்கர் திரும்பி வராமல் நின்றுவிடும். டிரிக்கரின் உள்பாகங்களுக்குத் தயாரிப்பாளர் சொன்னதைத் தவிர வேறு எண்ணெய் போடக் கூடாது. பலரும் சொல்வது ஒன்றுமே போடாதீர்கள் என்பதுதான். பசை பிடித்துவிட்டதென்றால் ஆர்மரரிடம் கொடுத்துக் கழுவி வாங்குங்கள். பிறகு மறுபடி அளந்து பாருங்கள். டிரிக்கரை இலகுவாக்கும் ஆசையே அதோடு தீர்ந்துபோகக்கூடும்.

டிரிக்கர் பிளேடின் இடம்

எடைக்கு முன் இதைச் செய்ய வேண்டும். பிளேடை (விரல் படும் பகுதியை) முன்னும் பின்னும் நகர்த்தி இறுக்க ஒரு சிறிய திருகு இருக்கும். ரைபிளை உங்கள் நிலையில் பிடித்துக் கண்ணை மூடி விரலை வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதைப் பகுதி பிளேடின் நடுவில் படிய வேண்டும். விரலின் அந்தப் பகுதி குழலுக்குச் செங்குத்தாக இருந்தால் இழுப்பு நேராகப் பின்னே வரும். விரலின் பக்கம் ஸ்டாக்கை (ரைபிளின் கட்டையை) தொடக் கூடாது, தொட்டால் ஒவ்வொரு இழுப்பும் ஸ்டாக்கைத் தள்ளும். படுத்துச் சுடும் நிலையில் சரியாக இருப்பது மண்டியிடும்போது மாறலாம். மூன்று நிலைகளையும் சுடுகிறவர்கள் மூன்றிலும் பார்த்துவிட்டு நடுநிலையான இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இனி திருகுகள்

வரிசை முக்கியம். ஒரு நேரத்தில் ஒரு திருகு, ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று, ஒவ்வொன்றுக்கும் பிறகு நோட்டில் ஒரு வரி. திருப்பும் முன் ஒவ்வொரு திருகும் எங்கே நிற்கிறது என்பதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வழி தவறினால் திரும்பி வர அதுதான் உதவும்.

முதலில் ஓவர் டிராவல் நிறுத்தத் திருகைத் தளர்த்தி ஒதுக்குங்கள். அது இறுக்கமாக இருந்தால் மற்ற திருகுகளின் வேலை விரலுக்குச் சரியாகத் தெரியாது.

இரண்டாவது, பிடிப்பு. டிரிக்கரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். முதல் கட்டம் முடிந்து சுவர் தெரிகிறதா? சுவரிலிருந்து விடுபடும்வரை பிளேடு நகர்வது விரலுக்குத் தெரிகிறதா? அப்படி இழுபட்டு வருவதைக் கிரீப் என்பார்கள். தெளிவான சுவரும் கிரீப் இல்லாத விடுபடலும் இருந்தால் பிடிப்புத் திருகைத் தொடவே வேண்டாம். தொழிற்சாலையில் வைத்த அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இழுபட்டால் மட்டும், கையேடு சொல்லும் திசையில் எட்டில் ஒரு சுற்று. போல்ட்டைத் திறந்து மூடி மறுபடி இழுங்கள். திருப்பிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சுவர் மறைந்து, முதல் கட்டத்திலிருந்து நேராக விடுபடத் தொடங்கும். அதுதான் எல்லையைத் தாண்டிய இடம். அங்கிருந்து திருகைப் பின்வாங்கி, சுவர் தெளிவாக மறுபடி தெரியும்வரை வாருங்கள். தெரிந்த பிறகும் இன்னும் சற்றுப் பின்னே வந்து நில்லுங்கள். அந்தக் கூடுதல் பின்வாங்கல்தான் வெயிலிலும் தூசியிலும் தேய்மானத்திலும் உங்களைக் காப்பாற்றும் இடைவெளி. கொஞ்சம் கிரீப் மிஞ்சினாலும் பரவாயில்லை. பழகினால் விரல் அதை ஏற்றுக்கொள்ளும்.

மூன்றாவது, எடை. இங்கேதான் இலகுவாக்கும் வேலை. சில டிரிக்கர்களில் முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் தனித்தனித் திருகுகள் உண்டு, சிலவற்றில் மொத்தத்துக்கும் ஒன்றே. தனித்தனியாக இருந்தால் மொத்த எடையில் பாதிக்கு மேல் முதல் கட்டத்தில் இருக்கட்டும் என்பது என் அபிப்பிராயம். 140 கிராம் மொத்தம் என்றால் 80 கிராம் முதல் கட்டம், 60 கிராம் இரண்டாம் கட்டம். விரல் 80 கிராமைத் தாங்கிச் சுவரில் உட்காரும்போது தொடுவுணர்வு நன்றாக இருக்கும், மீதி 60-ஐ அழுத்துவது எளிது. முதல் கட்டத்தை மிக லேசாக்கிவிட்டால் சுவர் எங்கே வந்தது என்பதே பதற்றத்தில் தெரியாமல் போகும்.

ஒரே நாளில் இலக்கு எடைக்குப் போகாதீர்கள். இப்போது 200 கிராம் என்றால் 170-க்கு வந்து, அதில் பல பயிற்சிகள் சுட்டு, விரல் பழகிய பிறகு அடுத்த படி. எது போதும் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. நின்று சுடும் நிலையில், தோட்டா இல்லாமல், விரலைச் சுவரில் வைத்து ஐந்து விநாடி காத்திருங்கள். பிறகு சுடாமல் விரலை எடுத்துவிடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது ஒரு முறையாவது உங்களை அறியாமல் விடுபட்டால் டிரிக்கர் உங்களுக்கு அளவுக்கு மேல் இலகு. ஒரு படி மேலே போங்கள். சுடாமல் இறக்கிவைக்க முடிகிற டிரிக்கரே உங்களுடைய டிரிக்கர்.

எடையைக் குறைத்துக்கொண்டே போகும்போது டிரிக்கர் முன்னே திரும்பி வருகிறதா என்பதைப் பாருங்கள். பாதி இழுத்து விரலை எடுத்தால், பிளேடு துள்ளிக்கொண்டு பழைய இடத்துக்கு வர வேண்டும். சோம்பலாக வந்தாலோ நடுவில் நின்றாலோ ஸ்பிரிங்கில் போதிய வலு இல்லை. அந்த நிலையில் சியர் அரைகுறையாக மாட்டியிருக்கும், போல்ட்டை மூடும் அதிர்ச்சியிலேயே சுடக்கூடும். உடனே எடையைக் கூட்டுங்கள்.

நான்காவது, முதல் கட்டத்தின் நீளம். இது ருசியைப் பொறுத்தது. ஏர் ரைபிளிலும் பாயிண்ட் டூ டூவிலும் ஒரே நீளம் வைத்துக்கொண்டால் விரலுக்குக் குழப்பம் இருக்காது.

கடைசியில் ஓவர் டிராவல். விடுபட்ட பிறகு பிளேடு தடதடவென்று பின்னே போனால் ரைபிள் அசையும். ஆனால் நிறுத்தத் திருகை விடுபடும் இடத்திலேயே வைத்துவிட்டால் சியர் முழுக்க விலகாமல் உரசும், சில சமயம் சுடவே சுடாது. சுடாத இடம் வரும்வரை மெதுவாக உள்ளே திருப்பி, அங்கிருந்து கால் சுற்றாவது பின்னே வாருங்கள். கையேடு வேறு அளவு சொன்னால் அதுதான் சரி.

தட்டிப் பார்க்கும் சோதனை

இதைச் செய்யாமல் அந்த ரைபிளில் நிஜத் தோட்டா போடக் கூடாது. எந்தத் திருகை எவ்வளவு திருப்பியிருந்தாலும் சரி.

சேம்பர் காலியா என்று பாருங்கள். போல்ட்டை வழக்கத்தைவிட வேகமாக, அடித்து மூடுங்கள். ஃபயரிங் பின் பின்னேயே நிற்கிறதா? பல போட்டி ரைபிள்களில் போல்ட்டின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ் அதைக் காட்டும். இப்படி இருபது முறை. ஒரு முறை விடுபட்டாலும் தேர்ச்சி இல்லை, பிடிப்பையும் எடையையும் கூட்டிவிட்டு முதலிலிருந்து வர வேண்டும். அடுத்து, போல்ட் மூடிய நிலையில், தடிமனான ரப்பர் பாய் மேல் ஸ்டாக்கின் பின்முனையை அரை அடி உயரத்திலிருந்து இறக்கித் தட்டுங்கள். ஸ்டாக்கின் இரண்டு பக்கமும், மேலும் கீழும் உள்ளங்கையால் வலுவாகத் தட்டுங்கள். சேஃப்டி உள்ள ரைபிளாக இருந்தால் அதைப் போட்டு டிரிக்கரை இழுங்கள், விரலை எடுங்கள், சேஃப்டியை விடுவியுங்கள். விடுவிக்கும்போது சுட்டால் அந்த ரைபிள் நேராக ஆர்மரரிடம் போக வேண்டும். எல்லாம் முடிந்ததும் வழக்கம்போல் இழுத்தால் வழக்கமான எடையில் விடுபட வேண்டும்.

ரேஞ்சில் முதல் தோட்டாக்களை, கோச் பக்கத்தில் நிற்க, குழல் இலக்கைப் பார்த்த பிறகே போல்ட்டை மூடிச் சுடுங்கள். விரல் டிரிக்கரைச் சுற்றியுள்ள வளையத்துக்கு வெளியே இருக்கட்டும். இந்தப் பழக்கம் 140 கிராம் டிரிக்கருக்கு என்றைக்கும் பொருந்தும். சுட்டு முடித்ததும் போல்ட் திறந்து, சேம்பரில் பாதுகாப்புக் கொடி.

செய்யவே கூடாதவை

சியரை அராவுவது, உப்புத்தாளால் பளபளப்பாக்குவது. பல சியர்களில் கடினப்படுத்தப்பட்டிருப்பது மேல் தோல் மட்டும்தான். அதைத் தேய்த்துவிட்டால் உள்ளே இருக்கும் மென்மையான எஃகு வேகமாகத் தேய்ந்து, சில மாதங்களில் பிடிப்பு தானாகக் குறைந்துபோகும். ஆரம்பத்தில் டிரிக்கர் அருமையாக இருக்கும் என்பதால்தான் இது இன்னும் ஆபத்து. ஸ்பிரிங்கை வெட்டுவதும் பேனா ஸ்பிரிங்கைப் போடுவதும் இதே கணக்கில் வரும். ஃபயரிங் பின்னை ஓட்டும் பெரிய ஸ்பிரிங்கைத் தொட்டால் தோட்டா சரியாக வெடிக்காது, வெடிப்பதும் ஒரே சீராக இருக்காது.

வேட்டைக்கும் பொழுதுபோக்குக்கும் செய்த .22 ரைபிளில் ஒரே கட்ட டிரிக்கர் ஒன்றரை கிலோ எடையில் இருக்கும். அதை 100 கிராமுக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். அதன் நெம்புகோல் அமைப்பு அதற்காகச் செய்யப்படவில்லை. கையேடு சொல்லும் குறைந்தபட்ச எல்லை எதுவோ அதுவே முடிவு.

பிறகு வரும் தொல்லைகள்

போல்ட்டை மூடும்போதே ஃபயரிங் பின் கூடவே வந்து விழுகிறது என்றால் பிடிப்பு போதவில்லை அல்லது டிரிக்கர் திரும்பவில்லை. சுடுவதை அங்கேயே நிறுத்துங்கள். எடை நாளுக்கு நாள் கூடினால் அழுக்கு. நாளுக்கு நாள் குறைந்தால் திருகு தளர்கிறது அல்லது சியர் தேய்கிறது. இரண்டாவது மோசமானது. திருகுத் தலையிலிருந்து உடல்வரை நகப் பூச்சால் ஒரு மெல்லிய கோடு போட்டு வைத்தால், கோடு விலகியிருப்பதைப் பார்த்தே திருகு நகர்ந்ததைக் கண்டுபிடித்துவிடலாம். சுவர் திடீரென்று மறைந்தாலும் இதைத்தான் முதலில் பாருங்கள்.

எடையைக் குறைத்த பிறகும் குண்டுகள் வலது பக்கமோ கீழேயோ சிதறினால் டிரிக்கரைக் குறை சொல்லாதீர்கள். முன் பார்வைக் குழாயின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தைச் சமநிலையில் வைத்து, அது விழாமல் வெறும் டிரிக்கரை இழுக்கப் பழகுங்கள். கிளப்பில் ஸ்கேட் போன்ற மின்னணுப் பயிற்சிக் கருவி இருந்தால் விடுபடும் கணத்துக்கு முந்தைய கால் விநாடியில் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் ஓடினால் விரல் கோணலாக இழுக்கிறது. பிளேடின் இடத்தை மறுபடி பாருங்கள்.

மாதம் ஒரு முறை ஐந்து அளவுகள் எடுத்து நோட்டில் சேருங்கள். போட்டிக்கு முந்தைய வாரத்தில் எந்தத் திருகையும் தொட வேண்டாம். போட்டிக்குப் போகும்போது ஆலன் கீ பெட்டியில் இருக்கட்டும், ஆனால் அங்கே அது எடுக்கப்பட வேண்டியது பிளேடின் திருகு தளர்ந்தால் மட்டுமே.